நாற்காலி இருக்கு, அதிகாரம் இருக்கா? திருவையாறு முதல் தெற்குத்திட்டை வரை 'ஒப்புக்கு ஒருத்தர்' என்னும் பாகுபாடு

ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்து ஆட்களுக்கு வேலை சொல்வது அவருடைய கணவர். கம்பெனியின் இயக்குநர் குழுவில் ஒரு பெண் இருக்கிறார். விசாரித்தால் முதலாளியின் மனைவி. இசை விழாவில் நாகஸ்வரத்துக்கும் இடம் உண்டு. ஆனால் விளக்கேற்றுகிற நேரத்தில், கூட்டம் வந்து சேர்வதற்கு முன்பு.

கேள்வி கேட்டால் மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் வரும்: "ஏங்க, நாங்கதான் ஒருத்தரைச் சேர்த்திருக்கோமே!"

இந்த 'ஒருத்தரைச் சேர்த்திருக்கோமே' என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பதைத்தான் டோக்கனிசம் என்கிறார்கள். இது நல்ல தொடக்கமா, இல்லை பாகுபாட்டின் இன்னொரு முகமா? காவிரி டெல்டாவில் நடந்த சில உண்மைச் சம்பவங்களை வைத்துப் பார்ப்போம்.

சுருக்கமாக

• ஒதுக்கப்பட்ட பிரிவிலிருந்து ஒருவரைப் பெயருக்குச் சேர்த்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைத் தராமல் இருப்பதுதான் டோக்கனிசம்.
• அந்த ஒருவரைக் காட்டியே அடுத்தவர்களுக்கான கதவு மூடப்படுகிறது. அதனால்தான் இது பாகுபாடு.
• இட ஒதுக்கீடும் டோக்கனிசமும் ஒன்றல்ல. ஒதுக்கீட்டில் வந்தவரை வேலை செய்யவிடாமல் தடுக்கும்போதுதான் அந்தப் பதவி பெயரளவுக்கு ஆகிறது.
• பட்டியலின, பழங்குடி ஊராட்சித் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

டோக்கனிசம்னா என்ன?

நம்ம ஊரில் இதற்குப் பழைய பேர் ஒன்று இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது, அடம்பிடிக்கிற சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவனும் ஓடுவான், கத்துவான், வேர்த்துப்போவான். ஆனால் அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்யும் சொல் அதில் இருப்பதால், இந்தக் கட்டுரையில் 'ஒப்புக்கு ஒருத்தர்' என்றே சொல்வோம்.

டோக்கனிசம் என்ற சொல் பெரிதாகப் பேசப்பட்டது 1960-களின் அமெரிக்காவில். வெள்ளையர் பள்ளிகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, "பாகுபாடு போயிடுச்சு" என்று சொல்லும் போக்கு அப்போது இருந்தது. அதைக் கண்டித்து மார்ட்டின் லூதர் கிங் 1962-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கட்டுரையே எழுதினார்.

திருவையாற்றில் என்ன நடந்தது?

தஞ்சாவூர் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது திருவையாறு. தியாகராஜர் 1847-ல் அங்கேதான் மறைந்தார். ஒவ்வொரு வருடமும் அவருடைய ஆராதனை நாளில் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவதை டிவி நேரலையில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அங்கே பெண்கள் பாட முடியாது.

சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1920-களின் தொடக்கத்தில் கேள்விப்பட்டார் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த பெரிய பாடகி. தன்னுடைய சொந்தப் பணத்தைப் போட்டு இடத்தை வாங்கி, கோயில் கட்டினார். பணத்தை ஏற்றுக்கொண்டார்கள். கட்டடத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், "நானும் இங்கே பாட வேண்டும்" என்று அவர் கேட்டபோது இடம் கிடைக்கவில்லை. அப்போது ஆராதனையை 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி' என இரண்டு குழுக்கள் நடத்தின. இரண்டுமே பெண்களை மேடையேற்றவில்லை.

நாகரத்தினம்மாள் என்ன செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். "கோயில் கட்டினவங்கன்னு எனக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கொடுங்க" என்ற அளவில் அவர் நிற்கவில்லை. 1927-ல் பெண் கலைஞர்களைத் திரட்டி, சமாதியின் பின்பக்கத்தில் தனியாகவே ஆராதனை நடத்தத் தொடங்கினார். அதற்குப் 'பெண்கள் கட்சி' என்றே பெயர் வந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 1940-ல் குழுக்களுக்குள் சமரசம் ஏற்பட்டு, 1941-லிருந்து ஒரே விழாவாக நடக்கிறது. பெண்களும் பாடுகிறார்கள்.

ஒருவேளை அன்றைக்கு நாகரத்தினம்மாளுக்கு மட்டும் அரைமணி நேரம் கொடுத்திருந்தால்? பிரச்னை தீர்ந்ததாகச் சொல்லியிருப்பார்கள். மற்ற பெண்கள் வெளியிலேயே நின்றிருப்பார்கள். 'ஒருவருக்கு மட்டும்' என்ற சலுகைக்கும் 'எல்லோருக்கும்' என்ற உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நாகஸ்வரம்: மங்களத்துக்கு மட்டும்தானா?

நாகஸ்வரத்தின் தாய்வீடு என்றால் அது டெல்டாதான். திருவாவடுதுறை, திருவீழிமிழலை, திருவாரூர் என்று ஊர்ப் பெயரே வித்வான்களின் முகவரி. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டையும் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கச்சேரி மேடையில் இந்த வாத்தியத்துக்கு எந்த இடம்? பெரும்பாலும் 'மங்கள இசை' என்ற இடம்தான். விழா தொடங்கும்போது வாசிக்க வேண்டும், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் முடித்துக்கொள்ள வேண்டும். மாலை நேரத்து முக்கியக் கச்சேரியாக நாகஸ்வரத்தை வைப்பது குறைவு என்ற ஆதங்கம் இசை உலகில் நீண்ட காலமாகவே இருக்கிறது. கேட்டால், "மங்களகரமான வாத்தியம்ங்க, அதான் முதல்ல வச்சிருக்கோம்" என்பார்கள். மரியாதை மாதிரி தெரியும். நேரத்தைக் கணக்குப் போட்டால்தான் உண்மை புரியும்.

இதற்குப் பின்னால் சாதியும் இருக்கிறது. கோயில் ஊர்வலத்திலும் கல்யாண வீட்டிலும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிப்பதே நாகஸ்வரக் கலைஞர்களின் வழக்கமாக இருந்தது. அதை மாற்றி, பாடகர்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 'நாகஸ்வரச் சக்கரவர்த்தி' என்று கொண்டாடப்பட்ட அவர் 1956-ல் மறைந்தார். சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' பட்டம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அதே 1956-ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு அந்தப் பட்டம் கிடைத்தது.

பெண்களுக்கும் இதே மாதிரி ஒரு நீண்ட காத்திருப்பு. 1928-ல் தொடங்கப்பட்ட அகாடமி, சங்கீத கலாநிதியாக முதன்முதலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது 1968-ல். அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. நாற்பது ஆண்டு!

"ஒருத்தருக்குக் கொடுத்துட்டோமே" என்று அதோடு நின்றிருந்தால் அது டோக்கன். 1970-ல் டி.கே. பட்டம்மாள், 1973-ல் பாலசரஸ்வதி என்று வரிசை தொடர்ந்ததால்தான் அந்த 1968 ஒரு தொடக்கமாக ஆனது. ஆக, முதல் ஆளை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. இரண்டாவது, மூன்றாவது ஆள் வந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

ஊராட்சியில் என்ன நடக்குது?

டோக்கனிசத்தின் முகம் ரொம்பப் பளிச்சென்று தெரியும் இடம் உள்ளாட்சி.

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியலின, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் என்றது. தமிழ்நாடு 2016-ல் பெண்களுக்கான பங்கை 50 சதவீதமாக உயர்த்தியது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நடைமுறை? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-ல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்து வருடம் அங்கே முறையான தலைவரே இல்லை. வேட்புமனு வராது. வந்தாலும், ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்துவிடுவார். இதைவிட அப்பட்டமான 'ஒப்புக்கு ஒருத்தர்' இருக்க முடியுமா? 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

சரி, அது பழைய கதை என்று விட்டுவிடலாமா? முடியாது. டெல்டாவின் வடக்கு ஓரத்தில், கடலூர் மாவட்டம் சிதம்பரம் பக்கம் இருக்கும் தெற்குத்திட்டை ஊராட்சி. 2020 ஜூலையில் நடந்த ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தலைவரான பட்டியலினப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படம் அக்டோபரில் வெளியே வந்ததும் நாடே அதிர்ந்தது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

அவர் ஓட்டு வாங்கி ஜெயித்தவர். பதவி இருந்தது, பெயர்ப் பலகையும் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை.

நாற்காலி கிடைத்தாலும் போதாது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி ஒதுக்கீட்டில் இருக்கும். துணைத் தலைவர் ஊரின் செல்வாக்குள்ள சாதியிலிருந்து வருவார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால், தெருவிளக்குக்கு பல்பு வாங்கக்கூட பணம் எடுக்க முடியாது. இப்படி முடங்கிப்போனதாகப் பட்டியலினத் தலைவர்கள் பலமுறை புகார் சொல்லியிருக்கிறார்கள்.

பெண் தலைவர்களுக்கு இன்னொரு வடிவம்: 'தலைவரோட வீட்டுக்காரர்'. வடமாநிலங்களில் இவர்களுக்கு 'சர்பஞ்ச் பதி', 'பிரதான் பதி' என்றே பட்டம் உண்டு. இந்தப் பதிலி நிர்வாகத்தை ஆராய 2023-ல் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2025-ல் தந்த அறிக்கை, பெண் தலைவருக்குப் பதிலாக ஆண்கள் நிர்வாகம் செய்வது நிரூபணமானால் கடும் அபராத நடவடிக்கை வேண்டும் என்றது.

வேலையிடத்தில் எப்படி இருக்கும்?

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் குறைந்தது ஒரு பெண் இயக்குநரையாவது நியமிக்க வேண்டும் என்றது. கெடு நெருங்கியபோது பல நிறுவனங்கள் என்ன செய்தன தெரியுமா? முதலாளியின் மனைவி, மகள், மருமகள் என்று வீட்டுக்குள்ளேயே ஆள் பார்த்தன. சட்டத்தில் டிக் விழுந்தது, முடிவெடுப்பது அதே குடும்பம். இதைப் பார்த்த செபி, பெரிய 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரல் முதலும், அந்தப் பெண் 'சுயாதீன இயக்குநராக' இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது.

தனியாளாக இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் விளக்கினார். ஒரு குழுவில் 15 சதவீதத்துக்கும் கீழே இருப்பவர்களை அவர் 'டோக்கன்' என்று குறித்தார். அவர் சொன்னதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 10 இயக்குநர்கள், அதில் ஒரே ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, எல்லோர் கண்ணும் அவர் மேல். நெல் கொள்முதல் கணக்கில் ஓர் ஆண் தப்புச் செய்தால் 'அவர் தப்புப் பண்ணிட்டார்'. அதே தப்பை அந்தப் பெண் செய்தால் 'பொம்பளைங்களைப் போட்டா இப்படித்தான்'. தனி ஆளின் தவறு, மொத்தக் கூட்டத்தின் தவறாக ஆகிவிடும்.

இரண்டாவது, விலகல். முக்கியமான பேச்செல்லாம் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி, டீக்கடை பெஞ்சிலேயே முடிந்துவிடும். மறுநாள் கூட்டத்தில் தீர்மானத்தை வாசிப்பார்கள். அவர் கையெழுத்துப் போடுவார்.

மூன்றாவது, வார்ப்பு. கலெக்டர் வந்தால் பூச்செண்டு கொடுக்க அவர், குத்துவிளக்கு ஏற்ற அவர், மினிட்ஸ் எழுத அவர். வங்கிக் கடன் பேச மட்டும் வேற ஆள்.

இந்த மூன்றும் சேரும்போது, எவ்வளவு திறமையான ஆளும் வாய் மூடிவிடுவார். அப்புறம் அதே வாய்கள் சொல்லும்: "சான்ஸ் குடுத்தோம், அவங்கதான் பேசவே மாட்டேங்குறாங்க!"

வயலில் இருப்பவர் கணக்கில் இருக்கிறாரா?

டெல்டாவில் இது இன்னும் கூர்மையான கேள்வி. குறுவையோ சம்பாவோ, நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆனால் அகில இந்திய அளவில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலத்தைத் தங்கள் பெயரில் நடத்தும் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே 'விவசாயி'. மற்றவர் 'கூலியாள்' அல்லது 'விவசாயி வீட்டம்மா'.

இந்த நிலைமையில், விவசாயிகள் கூட்டம் ஒன்றின் மேடையில் ஒரு பெண்ணை உட்கார வைத்துப் படம் எடுத்துப் போட்டால் என்ன அர்த்தம்? தண்ணீர் எப்போது திறப்பது, இயந்திர நடவு வந்தால் கூலி வேலைக்கு என்ன மாற்று, அறுவடை மெஷின் வாடகை எவ்வளவு என்ற கேள்விகளில் நடவுப் பெண்களின் பேச்சு எடுபட்டால்தான் அந்த நாற்காலிக்கு மதிப்பு.

சினிமாவில்?

திரையில் ஒரு பெண், ஒரு மாற்றுத்திறனாளி, ஒரு திருநங்கை, ஓர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் வந்துவிட்டாலே பிரதிநிதித்துவம் ஆகிவிடாது. அந்தப் பாத்திரம் தானாக ஏதாவது முடிவெடுக்கிறதா? அதைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் படம் மாறுமா? இல்லை, ஹீரோ நல்லவர் என்று காட்டவும், சிரிக்க வைக்கவும், பரிதாபப்பட வைக்கவும் மட்டும்தான் அது இருக்கிறதா? அடுத்த படம் பார்க்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

கேமராவுக்குப் பின்னால் யார் என்பது அதைவிட முக்கியம். மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி 2024 ஜூலையில் வழிகாட்டுதல் தந்த உச்ச நீதிமன்றம், 'எங்களைப் பற்றிய எதுவும் நாங்கள் இல்லாமல் வேண்டாம்' என்ற கொள்கையை அடிப்படையாக வைத்தது. அதாவது, அவர்களைக் கலந்து பேசி, பங்கேற்கவைத்து எடுக்கச் சொன்னது.

திரையில் நாயகிக்கு இடம் உண்டு. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குப் பாதுகாப்பு உண்டா? மலையாளத் திரையுலகம் பற்றிய நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 டிசம்பரில் தரப்பட்டது. அது பொதுவெளிக்கு வந்ததோ 2024 ஆகஸ்டில்தான். கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்ற அடிப்படை வசதிகூட இல்லாத நிலையை அது பதிவு செய்தது. போஸ்டரில் முகம் இருந்தும் தளத்தில் இந்த நிலைமை என்றால், அந்த இடமும் பெயரளவுதான்.

அப்போ இட ஒதுக்கீடே டோக்கனிசம்தானா?

இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்புவது ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களுக்குத்தான் வசதி.

மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆய்வு செய்த ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீர் போன்ற, பெண்கள் அதிகம் கேட்கும் வசதிகளுக்குக் கூடுதல் முதலீடு நடந்திருந்தது. டுஃப்லோ பின்னர் 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். மேற்கு வங்கத்தில் நடந்த இன்னோர் ஆய்வு 2009-ல் வந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், அதன்பிறகு ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் பெண்கள் அதிகம் நின்றார்கள், ஜெயித்தார்கள் என்று அது காட்டியது.

ஒதுக்கீடு கதவைத் திறக்கிறது. உள்ளே போனவரைத் தரையில் உட்கார வைப்பது ஊரின் ஆதிக்கம். பழி யார்மேல் என்பதில் தெளிவு வேண்டும்.

எண்ணிக்கையும் முக்கியம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 இதற்கு நல்ல உதாரணம். பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், அதன் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்தும் ஒருவர் வேண்டும் என்கிறது அது. 'ஒரு பெண்ணைப் போடுங்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால், அவரைப் பேசவிடாமல் செய்வது ரொம்ப ஈஸி.

சட்டம் என்ன சொல்லுது?

'டோக்கனிசம்' என்று தனிக் குற்றப்பிரிவு கிடையாது. ஆனால் அதன் சில வடிவங்கள் குற்றம்தான்.

• பட்டியலின, பழங்குடி ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ மிரட்டி, தடுத்து, வழக்கமான பணியைச் செய்யவிடாமல் ஆக்குவது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்)-ன் கீழ் குற்றம். 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு.
• இந்த வகைப் புகார்களுக்கு தேசிய உதவி எண் 14566. பெண்களுக்கான உதவி எண் 181.
• உள்ளகக் குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 5 கேள்விகள்

1. அந்த ஒருவரை யார் தேர்ந்தெடுத்தது? அவருடைய மக்களா, இல்லை அதிகாரத்தில் இருப்பவர்களா?
2. கூட்டத்தின் அஜெண்டா அவருக்கு முன்கூட்டியே போகிறதா, இல்லை கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வருகிறதா?
3. பணம், ஆள் நியமனம் பற்றிய முடிவில் அவருக்குப் பங்கு உண்டா?
4. அவர் 'வேண்டாம்' என்று சொல்லி எப்போதாவது ஒரு தீர்மானம் நின்றிருக்கிறதா?
5. அவருக்குப் பிறகு அதே பிரிவிலிருந்து இரண்டாவது ஆள் வந்தாரா?

ஐந்துக்கும் பதில் மோசமாக இருந்தால், அங்கே இருப்பது படத்துக்கான நாற்காலிதான்.

நீங்களே அந்த 'ஒருத்தர்' என்றால்?

வந்த வாய்ப்பை வேண்டாம் என்று உதறிவிடத் தேவையில்லை. உங்கள் எதிர்ப்பை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் நிற்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களை மாதிரி இன்னொருவரைக் குழுவுக்குள் கொண்டுவரப் பாருங்கள். இரண்டு பேர் ஆகிவிட்டாலே பேசும் தைரியம் வரும்.

வெளியில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. தலைவருக்குப் பதில் அவருடைய கணவர் எழுந்து பேசினால், "அம்மா பேசட்டும்" என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இப்போ ஏன் இது முக்கியம்?

தஞ்சாவூர் உட்பட 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில், ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கும் மசோதாக்களும் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவைக்கு வந்தன. அதாவது, ஆயிரக்கணக்கான புதிய நாற்காலிகள் போடப்படும் காலம் இது. அதில் யார் பெயர் எழுதப்படும் என்பதைச் சட்டம் சொல்லிவிடும். உட்கார்ந்தவர் பேசினால் கேட்கிறோமா என்பது அந்தந்த ஊரின் கையில்தான் இருக்கிறது.